லண்டன் மழைக்கு நேரம் உண்டு, மாசி மழைக்கு ஏன் இல்லை?

மாசி மாதம் வந்தால் சித்தப்பாவுக்கு நெல்லைப் பற்றித்தான் யோசனை. அறுத்து, சூடடித்து, காயப்போடுகிற நேரத்தில் வானம் இருண்டால் மனிதர் நிலைகொள்ள மாட்டார். போன கிழமை லண்டனில் இருக்கும் மகள் தொலைபேசியில் சொன்னது அவருக்கு இன்னும் ஆறவில்லை. “நாளைக்குக் காலமை எட்டு மணிக்குக் காத்தும் மழையுமா வருமாம் அப்பா. பத்தரைக்கு விட்டிடுமாம்.” சொன்னபடியே வந்து, சொன்னபடியே விட்டும் இருக்கிறது.

“அங்க மணிக்கூட்டைப் பாத்து மழை பெய்யுது. இங்க ‘வட மாகாணத்தில் சில இடங்களில்’ எண்டு மொட்டையாச் சொல்லினம். அந்தச் சில இடத்துக்கை என்ர வளவு இருக்கோ, இல்லையோ?”

நியாயமான கேள்விதான். இரண்டு ஊருக்கும் வரப்போவது காற்றும் மழையும், மாதமும் ஒன்றே. ஆனால் மழையை உண்டாக்கும் பொறி வேறு.

முதலில் லண்டன் மழை. குளிர்காலம் முடிகிற தறுவாயில் அட்லாண்டிக்கின் தெற்குப் பக்கமிருந்து ஈரமும் இளஞ்சூடும் கொண்ட காற்று பிரித்தானியாவுக்கு வருகிறது. அதன் பின்னாலேயே கிரீன்லாந்துப் பக்கத்துக் குளிர்காற்று துரத்திக்கொண்டு வருகிறது. இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி, உடனே கலந்துவிடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் உள்ள எல்லைக்குத்தான் குளிர்முகப்பு என்று பெயர்.

ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ நிறை. பத்து டிகிரி குளிர்ந்தால் அதே கனமீட்டரில் இன்னும் 40 கிராம் அளவு காற்று கூடுதலாக அடங்கும். நாற்பது கிராம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு, சில கிலோமீட்டர் உயரத்துக்கு அந்த 40 கிராமை அடுக்கிப் பாருங்கள். பாரமான குளிர்காற்று மண்வெட்டி அலகு போலச் சூட்டுக்காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தள்ளிவிடும். மேலே போகும் காற்று விரிந்து குளிரும், ஈரம் முகிலாகும், முகப்பின் நீளத்துக்கு ஒரு மழைப்பட்டி நிற்கும்.

அது கடந்து போவதை வீட்டு முற்றத்தில் நின்றே கவனிக்கலாம். எங்கள் கடற்காரரின் சொல்லில் சொன்னால், முகப்பு வரும்வரை அடிப்பது சோளகம், தென்மேற்குக் காற்று. அமுக்கம் இறங்கிக்கொண்டே போகும். முகப்பு தலைக்கு மேல் வந்ததும் மழை சாத்தும். காற்று சட்டென்று கச்சான் பக்கம், அதாவது மேற்குக்கும் வடமேற்குக்கும், திரும்பும். (கச்சான் என்றதும் திருவிழாக் கடலைதான் நினைவுக்கு வரும். மேல்காற்றுக்கும் எங்கள் ஊரில் அதே பெயர்.) வெப்பநிலை விழும், அமுக்கம் ஏறத் தொடங்கும். பிறகு வானம் வெளித்து, இடைக்கிடை தூறலும் வீச்சுக்காற்றுமாகக் கிடக்கும்.

இனி நேரத்தின் ரகசியம். முகப்பு ஒரு கோடு. அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து லண்டன் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பின்னேரம் ஆறு மணிக்கு அந்தக் கரையில் மழை தொடங்கினால், லண்டனுக்கு அடுத்த நாள் காலை எட்டு மணி. கோண்டாவிலில் ரயில் புறப்பட்டால் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு எப்போது வரும் என்று சொல்வது போன்ற கணக்கு. உண்மையில் முகப்பு வளையும், வேகம் மாறும். அதற்குத்தான் கணினி மாதிரிகள். ஆனாலும் அடிப்படை இதுதான்.

இந்த முகப்பு என்ற எண்ணமே விவசாயிகளையும் மீனவர்களையும் நினைத்துச் செய்த வேலையில் பிறந்தது. முதலாம் உலகப் போரின்போது நோர்வேக்கு வெளிநாட்டு வானிலைத் தந்திகள் நின்றுபோயின. உணவுத் தட்டுப்பாடு வேறு. பேர்கன் நகரில் இருந்த வில்ஹெல்ம் பியர்க்னெஸ் 1918இல் நாட்டின் மேற்குக் கரை நெடுக நெருக்கமாக அவதானிப்பு நிலையங்களை வைத்தார். அந்த நெருக்கத்தால்தான் மழை கோடாக வருவது கண்ணில் பட்டது. அவருடைய மகன் யாக்கோப், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், 1919இல் அதை எழுதி வெளியிட்டார். போர்முனையைக் குறிக்கும் ‘front’ என்ற சொல்லைத்தான் அந்தக் குழு காற்றுக்கும் எடுத்துக்கொண்டது; தமிழில் முகப்பு. இன்றும் வரைபடத்தில் நீலக் கோட்டில் பற்கள் வைத்து வரைவது குளிர்முகப்பைத்தான்.

சரி, அந்தக் கோடு யாழ்ப்பாணத்துக்கு ஏன் வருவதில்லை?

மோதுவதற்கு இங்கே இரண்டு விதக் காற்று இல்லை. மாசியில் எங்களுக்கு அடிக்கும் வாடையின், அதாவது வடகிழக்குக் காற்றின், ஊற்று ஆசியாவின் உள்நாட்டுக் குளிர்தான். ஆனால் வங்கக்கடலைக் கடந்து வருவதற்குள் கடல் அதைச் சூடாக்கி, ஈரமும் ஏற்றிவிடுகிறது. ‘மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். அந்தக் குளிருங்கூட முகிலில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விடுவதால் வருவது. இன்னொன்று, பூமி சுழல்வதால் காற்றை வளைக்கும் விசை. ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேலே இருக்கும் யாழ்ப்பாணத்தில் அது லண்டனில் உள்ளதில் ஐந்தில் ஒன்றுதான். வெப்ப வேறுபாட்டை ஒரு கோடாக இறுக்கிப் பிடித்து வைக்க அது போதாது.

எங்கள் மழைக்கு எரிபொருள் நீராவி. கடலில் ஆவியானபோது தண்ணீர் வாங்கிக்கொண்ட வெப்பத்தை, மேலே முகிலாகும்போது திருப்பிக் கொடுக்கிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் மேலே கிளம்புகிறது. அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது பாருங்கள்: கொதிக்கப் போகிறது என்று சொல்லலாம், அடுத்த குமிழி எந்த இடத்தில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மழைமுகிலின் அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள். சுன்னாகத்தில் கொட்டும்போது மருதனார்மடத்தில் துளியும் விழாமல் இருப்பது இதனால்தான். கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் வானிலையைக் கணக்கிடும். ஐரோப்பிய மாதிரியின் ஒரு கட்டமே ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இரண்டு ஊரும் அதற்கு ஒரே புள்ளி.

இதில் விதிவிலக்கு தாழமுக்கம். வாடை பலத்து தெற்கு வங்கக்கடலுக்குள் இறங்கும்போது, அங்கே சில நேரம் முகிற்கூட்டங்கள் ஒன்றுசேர்ந்து சுழலும். பிறகு மேற்கே நகரும். 2023 பெப்ரவரி தொடக்கத்தில் அப்படியொன்று கிழக்குக் கரையால் இலங்கைக்குள் வந்தது. அக்கரையில் காவிரிப் படுகையில் அறுவடைக்கு நின்ற நெல்லும் நனைந்தது. இப்படியான மழையை இரண்டு மூன்று நாள் முன்னமே வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லிவிட முடியும். குமிழிகள் ஒரு பெரிய ஒழுங்குக்குள் வந்துவிட்டன அல்லவா?

‘50 மில்லிமீட்டர்’ என்று அறிவித்தலில் வந்தால் அதையும் சாதாரணமாக எடுக்கக் கூடாது. எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பரப்பு (ஏறத்தாழ 253 சதுரமீட்டர்) நிலத்தில் அது பன்னிரண்டாயிரத்து அறுநூறு லீற்றருக்கு மேல்.

கைத்தொலைபேசியில் அமுக்கமானி இருக்கிறது, பார்த்துச் சொல்லலாமா என்று மருமகன் ஒருவன் கேட்டான். லண்டனில் அது நல்ல கருவி. இங்கே அது ஏமாற்றும். வெப்ப வலயத்தில் அமுக்கம் கடல் வற்றுப்பெருக்கு மாதிரி நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும்: காலையும் இரவும் பத்து மணியளவில் உச்சம், நாலு மணியளவில் தாழ்வு. பின்னேரம் அமுக்கம் விழுகிறதென்று நெல்லை அள்ளப் போனால் தினமும் அள்ளவேண்டியதுதான்.

அறிவித்தலில் நான் முதலில் பார்ப்பது கடற்பகுதிதான். ‘காங்கேசன்துறையிலிருந்து’ என்று தொடங்கும் வரியில் காற்றின் திசையும் வேகமும் இருக்கும். வடகிழக்குக் காற்று, வழமையான வேகம் என்றால் எனக்குப் பயமில்லை. வேகம் கூடி, தென்கிழக்குக் கடலில் தாழமுக்கம் என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் படங்குச் சீலையைத் தேடத் தொடங்கிவிடுவேன்.

இவ்வளவையும் சித்தப்பாவுக்குச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நாளைக்கு நெல்லைக் காயப்போடலாமோ?”

“காலமை பத்து மணிக்கு முகிலைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன் சித்தப்பா.”

“அதைத்தானே நான் நாப்பது வருசமாச் செய்யிறன்” என்றபடி படலையைச் சாத்திக்கொண்டு போனார்.