லேண்ட்ஸ்கேப்: படத்திலிருந்து மண்ணுக்கு

எங்கள் அடுக்ககத்தை விற்ற விளம்பரத் தாள் முழுவதும் தமிழில்தான் அச்சாகியிருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் "லேண்ட்ஸ்கேப்டு கார்டன்" என்று அப்படியே ஒலிபெயர்த்து வைத்திருந்தார்கள். குடிவந்த பிறகு அது என்னவென்று தெரிந்தது. முன்பக்கம் முழுக்கக் கொரியன் புல், மதிலோரம் வரிசையாக ஆறு ராயல் பாம், மிச்ச இடமெல்லாம் பேவர் பிளாக். சித்திரையில் குளிக்கவும் புழங்கவும் லாரித் தண்ணீர் வாங்கிய நாட்களில், அதே லாரித் தண்ணீரைத்தான் புல்லுக்கும் பாய்ச்சினோம். ஐப்பசியில் மழை கொட்டியபோது பேவர் பிளாக்கில் விழுந்த தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் சரிவில் ஓடி, கீழ்த்தளத்தில் கார்கள் நிற்கும் இடத்தில் கணுக்கால் அளவு நின்றது. கோடையில் தண்ணீரைக் குடித்து, மழையில் தண்ணீரைத் துரத்திவிடும் ஒரு முற்றத்துக்கு இவ்வளவு பெரிய பெயரா என்ற வருத்தத்தில்தான் அந்தச் சொல்லின் வேரையும், அதற்கேற்ற தமிழ்ச் சொல்லையும் தேடத் தொடங்கினேன்.

லேண்ட்ஸ்கேப் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடம் கடன் வாங்கிய சொல். டச்சில் அதன் வடிவம் 'லாண்ட்ஸ்காப்'. 'லாண்ட்' என்றால் நிலம். 'ஸ்காப்' ஒரு நிலையைக் குறிக்கும் பின்னொட்டு. ஆங்கிலத்தில் 'பிரெண்ட்ஷிப்' என்கிறோமே, அந்த 'ஷிப்' இதற்கு உடன்பிறப்பு. டச்சில் முதலில் அது ஒரு வட்டாரத்தைக் குறித்தது. பிறகு வயலும் வாய்க்காலும் மேகமும் வரைந்த படங்களுக்கு ஓவியர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் படப் பொருளோடுதான் சொல் இங்கிலாந்தில் இறங்கியது. ஆங்கிலத்தில் அது முதலில் சுட்டியது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய நிலத்தை. படம்போல் தெரியும் காட்சிக்கு அந்தப் பெயர் வந்ததும், கடைசியில் நிலத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டதும் அதற்குப் பிறகு நடந்தவை.

சொல்லில் இருந்த இந்தப் படச் சாயல் தொழிலுக்கும் இறங்கியது. 1788-இல் ஹம்ப்ரி ரெப்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 'லேண்ட்ஸ்கேப் கார்டனர்' என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டு தொழிலில் இறங்கினார். பண்ணையார்களுக்கு அவர் தயாரித்துக் கொடுத்த திட்டங்கள் சிவப்புத் தோல் அட்டை போட்டவை; அதனால் அவற்றுக்குச் செம்புத்தகங்கள் என்றே பெயர். நீர்வண்ணத்தில் தோட்டத்தை இப்போது இருக்கிறபடி வரைந்த ஒரு காகித மடிப்பு மேலே இருக்கும். அதைத் தூக்கினால், அவர் செய்யப்போகும் மாற்றத்தோடு அதே இடம் அடியில் தெரியும். அருமையான உத்திதான். ஆனால் அந்த மடிப்புக்கு அடியில் மண் எப்படிப்பட்டது, மழை எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் படம் காட்டாது.

'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்' என்ற தொடரும் ஓவியத்தை ஒட்டியே பிறந்தது. ஸ்காட்லாந்துக்காரரான கில்பர்ட் லேங் மீசன் 1828-இல் இத்தாலிய ஓவியர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் அது இடம்பெற்றது. அதை ஒரு தொழிலின் பெயராக ஆக்கியவர்கள், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கு 1858-இல் வடிவமைப்புப் போட்டியில் வென்ற ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வோவும். ஓம்ஸ்டெட்டுக்கே இந்தப் பெயர் பிடிக்கவில்லை. வேறு நல்ல பெயர் கிடைக்காததால் வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் இந்தத் துறைக்குச் சங்கம் அமைந்தது 1899-இல். ஆர்க்கிடெக்ட் என்பதன் கிரேக்க வேருக்குத் 'தலைமைத் தச்சர்' என்று பொருள். நிலத்துக்கு ஒரு தலைமைத் தச்சர்!

நல்ல வெளியிடம் சொத்தின் மதிப்பைக் கூட்டும் என்ற பேச்சு சென்ட்ரல் பூங்காவோடும் சேர்ந்தே வந்தது. சுற்றியிருந்த மனைகளின் மதிப்பு பல மடங்கு ஏறியது. பூங்காவுக்குச் செய்த செலவு வீணில்லை என்று வாதிட ஓம்ஸ்டெட் அதையே சான்றாகக் காட்டினார். ஆனால் அந்த இடத்தின் ஒரு பகுதியில் முன்பு செனகா கிராமம் இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள், சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் கட்டி வாழ்ந்த ஊர். 1857-க்குள் அவர்களை எழுப்பிவிட்டார்கள். மனை மதிப்பு ஏறிய கணக்கைச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, லேண்ட்ஸ்கேப்போடு இன்று சேர்த்துச் சொல்லும் 'சஸ்டெய்னபிள்'. லத்தீன் வேரின்படி, கீழே நின்று தாங்குவது. கருத்தாக இது முதலில் உருக்கொண்டது ஜெர்மனியில், காட்டை முன்னிட்டு. சாக்சனியில் வெள்ளிச் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கு மரம் வெட்டி வெட்டிக் காடே காலியாவதைக் கண்டு, வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று 1713-இல் எழுதினார். 1987-இல் ஐ.நா.வுக்காக ப்ருண்ட்லாண்ட் ஆணையம் தந்த அறிக்கைக்குப் பிறகு சொல் உலகம் முழுக்கப் பரவியது. தமிழில் அதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது. இலங்கையில் பேண்தகு, நிலைபேறான. தமிழ்நாட்டில் நீடித்த, நிலைத்த, வளங்குன்றா. 'நீடித்த' என்பது காலத்தை மட்டும் சொல்கிறது. பிளாஸ்டிக் புல்லும்தான் நீடிக்கும். 'பேண்தகு' என்றால் பேணத் தக்கது, போற்றத் தக்கது. இனிய சொல், ஆனால் நாம் சொல்லவந்தது அது இல்லை. எது குறையக்கூடாது என்பதை நேராகச் சொல்வது 'வளங்குன்றா' ஒன்றுதான். கார்லோவிட்ஸின் காட்டுக் கணக்குக்கும் அது அப்படியே பொருந்துகிறது. என் ஓட்டு அதற்கே.

லேண்ட்ஸ்கேப்புக்கு வருவோம். 'நிலக்காட்சி' ஓவியத்துக்கும் நிழற்படத்துக்கும் மிகப் பொருத்தம்; அங்கேயே இருக்கட்டும். 'நிலத்தோற்றக் கலை' என்று சிலர் எழுதுகிறார்கள். அதிலும் 'தோற்றம்' இருக்கிறது. மறுபடியும் கண்ணுக்குத்தான் முதலிடம். 'நிலவுரு' மலை, பள்ளத்தாக்கு போன்ற புவியியல் வடிவங்களுக்குப் போய்விட்டது. 'தோட்டக்கலை' அரசுத் துறையின் பெயராகவே நிலைத்து, காய்கனி, பூச்செடி சாகுபடியைக் குறிக்கிறது. எஞ்சுவது 'நிலவமைப்பு'. பள்ளிப் பாடத்தில் 'இந்தியாவின் நில அமைப்பு' என்று படித்தோமே, அதோடு குழம்பாதா என்று கேட்கலாம். 'நிலவமைப்புக் கலை', 'நிலவமைப்பாளர்' என்று எழுதினால் குழப்பம் வராது. இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. 'அமைதல்' என்ற வினைக்குப் பொருந்துதல், அடங்குதல், நிறைதல் என்றெல்லாம் தமிழில் பொருள் இருக்கிறது. அமைப்பவர் மட்டும் போதாது, நிலமும் அமைய வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

சங்க இலக்கியம் படித்தவர்கள் உடனே கேட்பார்கள், திணை என்றே சொல்லிவிடலாமே என்று. நான் தயங்குவேன். திணை என்றால் ஒழுக்கம் என்றே உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். காதலும் பிரிவும் ஊடலும் அதற்குள் அடக்கம். ஒரு ஒப்பந்தத் தாளில் வைக்க அது பெரிய சொல். ஆனால் திணை சொல்லித் தரும் முறையை விட்டுவிடக் கூடாது. "முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு" என்கிறது தொல்காப்பியம். நிலத்தை மட்டும் தனியாகப் பார்க்காதே, அதன் பருவத்தையும் சேர்த்துப் பார் என்பது முதல் விதி. அடுத்து கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். 1969-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இயன் மெக்ஹார்க் என்ற நிலவமைப்புப் பேராசிரியர், ஒரு இடத்தைத் தொடுமுன் அதன் பாறை, மண், நீரோட்டம், செடிகொடி, விலங்கு, மனிதப் பயன்பாடு என ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடித்தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள் என்று எழுதினார். துறையின் போக்கையே மாற்றிய நூல் அது. அந்த அடுக்குகளைப் பற்றிப் படித்தபோது கருப்பொருள் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்துச் சிலிர்த்துப்போனேன். இரண்டின் நோக்கமும் வேறு, நூற்றாண்டுகளும் வேறு. இருந்தாலும் ஓர் இடத்தை அறிய என்னென்ன கேட்க வேண்டும் என்பதில் இரண்டும் எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன!

இன்னொன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எல்லாமே செடிகொடி, மரங்களின் பெயர்கள். எது அங்கே தானாக வளர்கிறதோ அதுவே நிலத்துக்குப் பெயரானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டுகிறவருக்கு நெய்தல் என்ன சொல்லும்? புன்னை வை, தாழை வை, மணலைப் பிடித்து வைக்க அடம்புக் கொடியைப் படரவிடு என்று சொல்லும். உப்புக்காற்றுக்குப் பழகிய செடிகள் அவை. கொரியன் புல்லோ அங்கே கோடையில் அடிக்கடி தண்ணீர் கேட்கும்.

புல்வெளி மேல் எனக்குப் பகையில்லை. ஆண்டு முழுக்கத் தூறும் இங்கிலாந்தில் அது தானாகத் தழைக்கிறது. சென்னையின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். அதைப் பிடித்து வைப்பதுதான் இங்கே நிலவமைப்பின் முதல் வேலை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்யும் சென்னையில் அந்த ஒரு கிரவுண்டில் விழுவது 3 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் 26 நடை. மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மாடித் தண்ணீருக்குக் குழாய் போட்டவர்கள், தரையில் விழும் தண்ணீரை மறந்து முற்றம் முழுக்க மூடிவிட்டார்கள். வீடு பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது "தண்ணி எப்படி?" என்றுதான். சொத்து மதிப்பு என்று இந்த ஊரில் பேசினால் அந்தக் கேள்விக்கான பதில்தான் மதிப்பு.

"நாடென்ப நாடா வளத்தன", அதாவது தேடி அலையாமலே வளம் தருவதுதான் நாடு என்று வள்ளுவர் சொன்னதை வீட்டுத் தோட்டத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். என் பாட்டி வீட்டுப் புழக்கடையில் துவைக்கிற கல்லிலிருந்து வழிந்த தண்ணீர் ஒரு சிறு வாய்க்காலில் வாழைக்குப் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. சாம்பலும் இலைச் சருகும் அதே மண்ணுக்கு. யாரும் அதற்கு நிலவமைப்பு என்று பெயர் வைக்கவில்லை. கொல்லை, புழக்கடை, தோப்பு, பொழில், கா என்று சொற்கள் மட்டும் நிறைய இருந்தன. 'பூங்கா'வில் இன்றும் அந்தக் 'கா' ஒளிந்திருக்கிறது.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, நீர் வந்துபோக வழிவிட்டு, இந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். 2011-இல் திறந்தபோது வைத்த பெயர் தொல்காப்பியப் பூங்கா. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில், பீஷான் - அங் மோ கியோ பூங்காவை ஒட்டி நேர்கோடாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளியும் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆறாக 2012-இல் மாற்றினார்கள். மழை வலுத்தால் ஆறு பூங்காவுக்குள் ஏறும். வடிந்ததும் பிள்ளைகள் கரையில் இறங்கி விளையாடுவார்கள். வெள்ளத்துக்கு இடம் கொடுத்துவிட்டு மிச்ச நாளெல்லாம் அதே இடத்தை மக்களுக்குக் கொடுத்த இந்த வேலைதான் வளங்குன்றா நிலவமைப்பு என்ற தொடருக்கு நான் காட்டக்கூடிய நல்ல எடுத்துக்காட்டு.

எங்கள் அடுக்ககத்தில் வேலை சிறிதுதான். மேற்குச் சுவரோரம் பேவர் பிளாக்கைப் பெயர்த்து, அரையடி பள்ளமாக மண்ணை விட்டு, நான்கு புங்கங்கன்று வைத்தோம். மாசியில் புங்கை இலையைக் கொட்டும், கொரியன் புல் கேட்டவர்கள் "குப்பை" என்பார்கள். பங்குனி முடிவதற்குள் தளதளவென்று துளிர்த்து, வெயில் உறைக்கும் நேரத்துக்கு நிழல் தயாராக நிற்கும். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் செலவுக் கணக்கு எழுதும்போது செயலாளர் பேனாவை நிறுத்தி, "லேண்ட்ஸ்கேப்பிங்னே போடவா சார்?" என்றார். "நிலவமைப்புன்னு போடுங்க" என்றேன். எழுதிவிட்டு ஒரு நொடி பார்த்தார். பக்கத்தில் அவராகவே "மழைத்தண்ணி இறங்க" என்று சேர்த்தார்.