பார்ட்டோகிராஃப் – பேற்று வரைபடம்

பிரசவ அறையில் செவிலியர் கையில் ஒரு தாள் இருக்கும். படுக்கைக் கோட்டில் மணி, செங்குத்துக் கோட்டில் 0 முதல் 10 வரை சென்டிமீட்டர். கர்ப்பப்பை வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். குழந்தையின் இதயத்துடிப்புக்கு அரை மணிக்கொரு புள்ளி. இந்தத் தாளின் பெயர்தான் பார்ட்டோகிராஃப்.

சொல்லில் பாதி லத்தீன், பாதி கிரேக்கம். 'பார்ட்டுஸ்' என்றால் ஈனுதல், 'கிராஃபெய்ன்' என்றால் வரைதல்.

1954-இல் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன் பிரசவத்தின் போக்கை வளைகோடாக வரைந்தார். 1972-இல் ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காஸில் என்ற இருவர் அதில் இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஏறுவது எச்சரிக்கைக் கோடு. அதற்கு 4 மணி நேரம் வலப்புறம் தள்ளிச் செயற்கோடு. மருத்துவர் இல்லாத சிறு நிலையத்தில் குறி முதல் கோட்டைத் தாண்டிவிட்டால் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். இடையிலுள்ள 4 மணி நேரம் வழிப்பயணத்துக்கான கணக்கு.

வளரும் நாடுகளில் மகப்பேற்றுச் சேவையின் தரத்தை அளக்க வருபவர்கள் இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுண்டு. அங்கேதான் சிக்கல். குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்பிய தாள்தான் பார்க்க மிக அழகாக இருக்கும்: எல்லாக் குறியும் கோட்டின் மேலேயே, ரத்த அழுத்தம் கடைசிவரை 120/80. எத்தனை தாள் நிரம்பியது என்று எண்ணினால் தரம் தெரியாது. குறி கோட்டைத் தாண்டியபோது யார் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

சரி, தமிழில்? 'பிரசவ வரைபடம்' எல்லோருக்கும் புரியும், குறை சொல்ல மாட்டேன். 'பேறுகால வரைபடம்' வேண்டாம். கர்ப்ப மாதங்களையும் சேர்த்து நினைக்க வைக்கும். என் தேர்வு 'பேற்று வரைபடம்'. சுடு, சூடு ஆவதுபோல 'பெறு' நீண்டு 'பேறு'. ஆறு, ஆற்றுநீர் என்பதுபோல 'பேறு' இங்கே 'பேற்று' ஆகும். 'பேறு வரைபடம்' என்று எழுதுவது பிழை.

2020-இல் உலக சுகாதார நிறுவனம் தாளையே மாற்றிவிட்டது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கோடு போனது. துணைக்கு ஆள் இருக்கிறாரா, வலிக்கு நிவாரணம் கிடைத்ததா, குடிக்க ஏதாவது கொடுத்தார்களா என்ற கட்டங்கள் வந்தன. 'லேபர் கேர் கைடு' என்ற புதுப் பெயரைத் தமிழில் 'பேற்றுப் பராமரிப்பு வழிகாட்டி' எனலாம்.