கியர் சைக்கிளில் ரெண்டு கண்ணி கழற்றலாமா?

செயின் தொங்குகிறதென்று சைக்கிள் திருத்தும் கடைக்குப் போனால் மட்டக்களப்பில் பெரும்பாலும் கிடைக்கும் வைத்தியம் இதுதான்: "ரெண்டு கண்ணியக் கழட்டிவிட்டாச் சரி, தம்பி."

சாதாரணச் சைக்கிளுக்கு அது சரியான வைத்தியமே. செயினின் இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. கண்ணிகளைக் கோர்த்திருக்கும் ஆணிகள் தேய்கின்றன. ஒரு கண்ணி அரை அங்குலம். நூறு கண்ணிச் செயினில் நூற்றில் ஒரு பங்கு தேய்ந்தாலே அரை அங்குலம் கூடிவிடும். பின் சில்லைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து முறுக்கலாம். அதற்கும் இடமில்லாதபோது கண்ணி கழற்றலாம். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் சோடியாகத்தான் கழற்ற முடியும்.

கியர் சைக்கிளின் கதை வேறு. அங்கே செயினுக்கு ஒரே நீளம், ஆனால் போகவேண்டிய பாதை கியருக்குக் கியர் மாறுகிறது. முன்னால் 42, 34, 24 பற்கள், பின்னால் 14 முதல் 28 வரை என்று வைத்துக்கொள்வோம். செயின் ஒவ்வொரு பற்சில்லையும் ஏறத்தாழப் பாதி சுற்றுகிறது. பெரிதும் பெரிதும் சேர்ந்தால் 21, 14 என 35 பற்கள், அதாவது பதினேழரை அங்குலம். சிறிதும் சிறிதும் சேர்ந்தால் 19 பற்கள், ஒன்பதரை அங்குலம். வித்தியாசம் 8 அங்குலம்! இந்த மிச்சத்தை விழுங்குவதுதான் பின்னால் தொங்கும் டெரெய்லரின் வேலை. அதன் இரண்டு சிறு கப்பிகளும் பொருந்திய கையை ஒரு ஸ்பிரிங் எப்போதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே நீளத்தைத் தீர்மானிப்பது பெரிது-பெரிதுச் சோடி. செயின் சாய்ந்து ஓடி வீணாய்த் தேயும் என்பதால் அந்தச் சோடியில் ஓடவே கூடாது என்பார்கள். உண்மைதான். ஆனால் கை தவறி விழும் கியருக்கும் செயின் எட்டவேண்டும்.

நம் ஊர் தட்டையான நிலம். செயின் குட்டையாக இருந்தாலும் மாதக்கணக்கில் தெரியவராது. மேல்காற்றான கச்சான் வீசும் காலத்தில் மண்முனைப் பாலத்தால் மேற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கம் மிதித்துப் பாருங்கள், அப்போது தெரியும். எதிர்க்காற்று அமுக்க அமுக்க, முன்னால் பெரிய பற்சில்லை மாற்றாமலே பின்னால் கியரை இறக்கிக்கொண்டே போவோம். கடைசிப் பெரிய பற்சில்லில் செயின் விறைத்து, டெரெய்லரின் கை முன்னுக்கு இழுபட்டு நிற்கும். அதற்கு மேலும் மிதித்தால் டெரெய்லரைத் தாங்கும் துண்டு வளையும்; கெட்ட நேரமென்றால் டெரெய்லர் சில்லுக் கம்பிகளுக்குள் போய்ச் சில்லையே பூட்டிவிடும்.

அளக்கும் முறை எளிது. புதுச் செயினை டெரெய்லருக்குள் விடாமல், முன் பெரிய பற்சில்லையும் பின் பெரிய பற்சில்லையும் மட்டும் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணிகள், ஓர் அங்குலம், கூட விட்டு வெட்டுங்கள். கணக்கிலும் அதுவே வரும்: பெடல் அச்சிலிருந்து பின் அச்சுவரை 17 அங்குலமென்றால் இரு மடங்கு 34, பற்களுக்குப் பதினேழரை, மேலதிகம் 1, மொத்தம் ஐம்பத்திரண்டரை. மேல்நோக்கி முழுமையாக்கினால் 53 அங்குலம், 106 கண்ணிகள். பழைய செயினைப் பக்கத்தில் நீட்டிவைத்து வெட்டாதீர்கள். அது தேய்ந்து நீண்டது. யாராவது ஏற்கெனவே கண்ணி கழற்றியும் இருக்கலாம்.

செயின் நீளமானால் ஆபத்து குறைவு, எரிச்சல் அதிகம். சிறிது-சிறிதில் தொங்கும், குழியில் விழும்போது சட்டத்தில் அடிக்கும், சில நேரம் கழரும். பல டெரெய்லர்களில் கை நிற்கும் கோணத்தைப் பொறுத்து மேல் கப்பிக்கும் பற்களுக்கும் உள்ள இடைவெளியும் மாறும். இடைவெளி கூடினால் கியர் தாமதித்துத்தான் விழும்.

நீளம் சரியாக இருந்தும் தொங்கினால் கண்ணியில் கை வைக்காமல், உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்பிரிங்கைப் பாருங்கள். அப்புறம் அடிமட்டத்தை எடுங்கள். 24 கண்ணிகள் ஆணிக்கு ஆணி சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின் பற்சில்லுகளும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அதன்மேல் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல் தாண்டிக் குதிக்கும்.