கறுப்புக் காரில் சிலந்தி வலை

எங்கள் அடுக்ககத்தில் கார் துடைக்கும் அண்ணன் காலை ஐந்தரைக்கே வந்துவிடுவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, 14 கார்கள். என்னுடையது பதினோராவது, கறுப்பு நிறம். வாங்கி ஒன்றரை வருடம் கழித்து, ஒரு நாள் இரவு பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே நிறுத்தியபோதுதான் கவனித்தேன். பானட் முழுக்க மெல்லிய வட்டக் கீறல்கள், விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல. நான் நகர்ந்தால் வலையும் கூடவே நகர்ந்தது.

கீறல் எப்படி நகரும்? உண்மையில் கீறல்கள் வட்டமாகவே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றில் விளக்கொளியை நம் கண் பக்கம் திருப்பிவிடும் வாக்கில் இருப்பவை மட்டும் மினுங்கும். மற்றவை இருப்பதே தெரியாது. அப்படி மினுங்குபவை எப்போதும் பிம்பத்தைச் சுற்றியே அமையும். சமையலறையில் நாள்பட்ட எவர்சில்வர் தட்டை விளக்குக்கு நேரே பிடித்து அசைத்துப் பாருங்கள், இதே வேடிக்கைதான். வெள்ளைக் காரிலும் இத்தனை கீறல் இருக்கும். ஆனால் வெள்ளை நிறமே ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால், கீறல் சிதறடிப்பது அதில் கரைந்துபோகிறது. கறுப்பில் ஒளிய இடமில்லை.

இன்னொன்று, இவை பெரும்பாலும் நிறத்தில் விழுந்த கீறல்கள் அல்ல. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), தலைமுடியைவிட மெல்லியது. நம் ஊர்ப் புழுதியிலோ குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. அதன் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. முதல் பத்துக் காரின் மண்ணைச் சுமந்துகொண்டு பதினோராவது காருக்கு வரும் துணி, துணியல்ல, உப்புத்தாள்.

சரி, கடைக்குப் போனால் கிளீனர், கிளேஸ், பாலிஷ், காம்பவுண்ட், வாக்ஸ் என்று ஒரு அலமாரியே நிற்கிறது. லேபிளை மறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இது கீறலை மறைக்குமா, தேய்த்து எடுக்குமா?

மறைப்பது எப்படி என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வாட்டர் வாஷ் முடிந்து ஈரத்தோடு நிற்கும் கார் புத்தம் புதிதாக இருக்கும். காய்ந்ததும் கீறல்கள் திரும்பிவிடும். காற்றுக்கும் கிளியர் கோட்டுக்கும் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) வெகுவாக வேறுபடுவதால்தான் கீறலின் ஓரத்தில் ஒளி தெறித்துப் பளிச்சிடுகிறது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அந்த வேறுபாடு குறைகிறது. எண்ணெயோ மெழுகோ நின்றால் இன்னும் குறைகிறது, ஏனென்றால் அவற்றின் ஒளிவிலகல் எண் கிளியர் கோட்டுடையதற்கு மிக அருகில் இருக்கிறது. கிளேஸ் என்பது, சுருக்கமாக, சீக்கிரம் காயாத தண்ணீர். நாலைந்து முறை ஷாம்பூ போட்டுக் கழுவினால் பழைய கதைதான். காரை விற்கும் நாளன்று மட்டும் இது பிரமாதமான பொருள்.

பாலிஷ் வேறு வழியில் போகிறது. பள்ளத்தை நிரந்தரமாக நிரப்ப முடியாது என்பதால் சுற்றியுள்ள மேட்டைச் சீவி, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. சீவும் வேலையைச் செய்வது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு தூள். மோஸ் அளவில் 9. ரப்பிங் காம்பவுண்டில் இந்தத் தூளின் வெட்டு அதிகம். ஆழமான கோட்டை எடுக்கும், ஆனால் தன் பங்குக்கு ஒரு மங்கலைப் போட்டுவிட்டுப் போகும். அதை எடுக்க இன்னும் நயமான பாலிஷ் வேண்டும். சில பாலிஷ்களில் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும். அவசரப்பட்டுப் பாதியில் துடைத்தால் மங்கல் அப்படியே நிற்கும். கீறலில் டூத்பேஸ்ட் தேய்க்கும் வைத்தியம்கூட முழுப் பொய்யில்லை. அதிலும் தேய்க்கும் தூள் உண்டு, பல்லுக்கென்று அளந்து போட்டது.

ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கைமுதல் கரைகிறது. மென்மையான பாலிஷ் ஒன்றிரண்டு மைக்ரான் எடுக்கலாம். கம்பளிப் பேடும் காம்பவுண்டும் சேர்ந்தால் கூடுதல். கிளியர் கோட்டில்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அது மெலிந்தால் வெயில் வேலையைக் காட்டும். பழைய கார்களின் கூரையில் தோல் உரிந்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் பார்த்திருப்பீர்களே, கிளியர் கோட் போய்விட்டால் அந்தக் கோலம்தான்.

அதனால் நான் இருப்பதிலேயே மென்மையான வழியிலிருந்து தொடங்கினேன். முதலில் நன்றாகக் கழுவி, க்ளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால், ஒட்டிக்கிடந்த பிரேக் தூளையும் மரப்பிசினையும் எடுத்தேன். இதைத் தாண்டிக் குதித்தால் அந்த மண்ணை வைத்தே பாலிஷ் போட்ட மாதிரி ஆகும். பிறகு பானட்டின் நடுவில் ஒரு சதுர அடிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, இருப்பதிலேயே மென்மையான பேடும் நயமான பாலிஷும் வைத்துத் தேய்த்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்தேன். மறைத்துநிற்கும் எண்ணெய் எல்லாம் அதில் போய்விடும், மிச்சம் தெரிவதுதான் நிஜம். அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த அளவில் கீறல் போகவில்லை என்றால் மட்டுமே அடுத்த கட்டம். கிளியர் கோட்டின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிங்கரிங் பார்த்து மறுபடி பெயிண்ட் அடித்த கதவில் இன்னும் மாறும். நண்பருக்கு வேலை செய்த பாட்டில் நமக்கும் செய்யும் என்று நம்பக் கூடாது. விளிம்புகளில் பூச்சு மெல்லியது, அங்கே பாலிஷ் மெஷின் நிற்கக் கூடாது. நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல் என்றால் கும்பிடு போட்டு விட்டுவிட வேண்டும்.

அன்று டேப்பை எடுத்துவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் கீழிருந்து துடைக்கும் அண்ணன் குரல் கொடுத்தார்: "சார், பானட்ல சதுரமா ஏதோ கறை பட்டிருக்கு, எவ்வளவு தேச்சாலும் போகமாட்டேங்குது!"