சனம் 'ஓம்' எண்டால் ஏறிவிடுமா?

போன கிழமையும் ஒரு திட்ட அறிக்கை என் மேசைக்கு வந்தது. கிளிநொச்சியில் பஸ், ஓட்டோ, வான் எல்லாவற்றையும் ஒரே செயலிக்குள் போட்டு, போனுக்கு டேட்டா பக்கேஜ் போடுகிற மாதிரி மாதக் காசு கட்டிப் பயணம் செய்யலாமாம். கேட்டுப் பார்த்ததில் அநேகமானோர் "பாவிப்போம்" என்று சொன்னார்களாம். போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில், இந்த மாதிரி அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, அதனால் நேராகவே சொல்கிறேன்: அந்த "ஓம்" ஒரு சதத்துக்கும் உதவாது.

வெயிலுக்குள் பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் படிவத்தோடு போய் "இப்படி ஒரு சேவை வந்தால் பாவிப்பீர்களா?" என்றால் மரியாதைக்காவது ஓம் என்பார். வன்னியில் படிவம் நிரப்புவது என்றாலே ஏதோ உதவித்திட்டம் வரப்போகிறது என்ற நினைப்பும் இருக்கிறது, அதில் பிழை சொல்லவும் முடியாது. பையிலிருந்து காசை எடுக்கும்போது வருகிற யோசனை வேறு.

அதைவிட எரிச்சல் தருவது, விலையைக் குறைத்தால் முன்பின் தெரியாத ஆட்களும் ஒரே வாகனத்தில் சேர்ந்து போவார்கள் என்ற கதை. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிப் பாடசாலைகளுக்கு வருகிற ஆசிரியர்களைப் பாருங்கள். தாங்களாகவே ஆள் சேர்த்து, ஹையேஸ் வான் பிடித்து, மாதக் காசு கொடுத்து ஏ9 வழியே வருகிறார்கள். செயலி கிடையாது. சீசன் டிக்கெட் எடுத்து பஸ்ஸில் வந்தால் செலவு குறைவு என்பது அவர்களுக்குத் தெரியாதா? ஆனால் பக்கத்தில் யார் இருப்பார் என்று தெரியும், ஒருவர் பிந்தினால் சாரதி போன் எடுப்பார், பள்ளிக்கூடம் விட்டதும் வான் வாசலில் நிற்கும், பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. கூடுதல் காசு இதற்குத்தான். தருமபுரத்திலிருந்து கிளினிக்குக்கு வந்த அம்மா ஒருவர் என்னிடம் கேட்டதும் இதுதான்: "ஆக்களோட சேர்ந்து போறதுக்கு எனக்கென்ன தம்பி, ஆரெண்டு தெரியோணும். பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடுவினமோ?" எவ்வளவு காசு என்று கடைசியில்தான் கேட்டார்.

சரி, வெளிநாட்டில் ஓடுகிறதே என்பீர்கள். பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2016இல் தொடங்கிய 'விம்' செயலியில் மாதம் 499 யூரோவுக்கு எல்லாம் அடங்கிய பக்கேஜ்கூட இருந்தது. அதை நடத்திய நிறுவனம் 2024இல் வங்குரோத்தானது. இத்தனைக்கும் அது ட்ராம், பஸ், மெட்ரோ, ரயில் எல்லாம் ஏற்கெனவே ஒரே டிக்கெட்டில் ஓடும் ஊர். லண்டன், சிட்னி ஆய்வுகளிலும் பக்கேஜுக்குள் சனம் முதலில் தேடியது பொதுப் போக்குவரத்தைத்தான், பகிர்வுக் கார் எல்லாம் பிறகு. இங்கே அரச பஸ்ஸான சீரீபீக்கும் தனியார் பஸ்ஸுக்கும் நேர அட்டவணைச் சண்டையே தீரவில்லை, வழமையான நாளில் ரயில் சீசனைக் காட்டி பஸ்ஸில் ஏறவும் முடியாது. செயலியில் எதை எதோடு சேர்த்துக் கட்டப்போகிறீர்கள்?

மாதக் காசு என்பதும் மாதச் சம்பளக்காரருக்குச் சரி. நாட்கூலிக்குப் போகிறவருக்கும், காலபோக நெல் வெட்டிய பிறகுதான் கையில் காசைக் காண்கிறவருக்கும் ஏறுகிற அன்று கொடுப்பதுதான் வசதி.

பயணிகளே, "எல்லாம் அடக்கம்" என்று யாராவது வந்தால் மூன்று மாதக் காசை முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஒரு மாதம் பாருங்கள். வாகனம் வராத நாளுக்குக் காசு கழியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பிள்ளையைப் பலர் சேர்ந்து போகிற ஓட்டோவில் விடுகிறீர்களா, யார் யார் ஏறுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். பின்னால் மூன்று பேர், அவ்வளவுதான். சாரதிக்குப் பக்கத்தில் பிள்ளையை இருத்துகிறவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், அவர் சொந்தக்காரராக இருந்தாலும்.

திட்டம் எழுதுகிற தம்பி தங்கச்சிமாரிடம் ஒரு கெஞ்சல். "பாவிப்பீர்களா" என்ற கேள்வியை வெட்டிவிட்டு, நேற்று எதில் வந்தீர்கள், எவ்வளவு நேரம் காத்து நின்றீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எப்படித் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. அந்தப் பதில்களோடு வாருங்கள், இருந்து கதைப்போம்.