கடனுக்காக வீட்டை அறுதியாக எழுதிக் கொடுக்காதீர்கள்

சொத்தை இழந்து நடுத்தெருவுக்கு வரும் பணக்காரக் குடும்பத்தின் படம் என்றால் நம் ஆட்களுக்குக் கண்ணீர் நிற்காது. படையப்பாவில் (1999) சிவாஜி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு உயிரை விடுவார், மகனுக்கு மிஞ்சிய நிலத்தில் கிரானைட் கிடைக்கும், ஒரு பாட்டு முடிவதற்குள் குடும்பம் மேலே வந்துவிடும். நான் சட்டத்தரணி, நொத்தாரிசு வேலையும் பார்க்கிறேன், அதாவது காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துகிறேன். என் மேசைக்கு வரும் உறுதிகளில் (காணிப் பத்திரங்களில்) கிரானைட்டும் இல்லை, மிரட்டிக் கையெழுத்து வாங்கும் வில்லனும் இல்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரோ முஸ்லிமோ, வீடு பெரும்பாலும் பெண்ணுக்குக் கொடுத்த சீதனம். கணவருக்குக் கடையில் நட்டம், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது ரொம்பவே கூடிவிட்டது. வங்கிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், மானம் போய்விடும் என்று தெரிந்த ஒருவரிடம் போகிறார். அவரும் நல்ல மனிதர் மாதிரித்தான் பேசுவார்: "ஈடு எல்லாம் எதுக்குத் தம்பி, அறுதியா எழுதுங்க, காசு தந்ததும் திருப்பி எழுதித் தாறன்." ஈடு என்றால் அடமானம், அறுதி என்றால் முழு விற்பனை. மனைவி வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறார். பின்னர் ஒரு நாள் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருகிறார்கள். போன கிழமையும் ஒரு குடும்பம் வந்தது.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஐயா, அது சும்மா கடனுக்குத்தான் எழுதினது." சும்மா எழுதும் உறுதி என்று ஒன்று கிடையாது! ஈடு வைத்தால் வீடு உங்களுடையது, கடன் கொடுத்தவர் வங்கி இல்லாமல் தனி ஆள் என்றால் வழக்குப் போட்டுத்தான் அதை விற்க முடியும். அறுதி உறுதி என்றால் அன்றைக்கே வீடு அவருடையது. நிபந்தனை உறுதி என்றாலும் அன்றைக்கே அவருடையதுதான், தவணைக்குள் காசைக் கட்டித் திருப்பி எழுதி வாங்கும் உரிமை மட்டும் உங்களுக்கு இருக்கும், தவணை தப்பினால் அதுவும் போய்விடும். திருப்பித் தருவேன் என்று வாயால் சொன்னதை நம்பி நிற்கவும் முடியாது, ஏனென்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி ஒப்பந்தம் எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிக்கும் முன்னால் இருந்தால்தான் செல்லும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவில், வீட்டை உண்மையில் விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லாமல்தான் எழுதினேன் என்று காட்டித் திருப்பிக் கேட்க ஒரு வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் விலை மிகக் குறைவாக எழுதப்பட்டது, நீங்களே தொடர்ந்து குடியிருந்தது, வட்டி கட்டியது, இதையெல்லாம் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். வருடக்கணக்கில் இழுபடும். வட்டிக்குத் துண்டு (ரசீது) வாங்கி வைத்தவர்கள் குறைவு.

ஆகவே கடன் என்றால் ஈட்டு உறுதி மட்டும் எழுதுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் துண்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். வீடு உங்கள் பேரில் இருந்தால், தங்கச்சிமாரே, உறுதியை முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள். அண்ணன்மாரே, நட்டத்தை முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காசில்லாவிட்டால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. கையெழுத்து வைப்பதற்கு முதல் நாள் போங்கள், மறுநாள் அல்ல.