வாங்க முதல், என்ன வேலைக்கென்று சொல்லுங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு அம்மா லெப்டொப்போடு என் கம்பியூட்டர் திருத்தும் கடைக்கு வந்தார். மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. காப்பை அடகு வைத்து வாங்கியது. "புதுசுதான் தம்பி, ஆனா ஒண்டும் ஏறுதில்ல" என்றார். பார்த்தால் 4 ஜிபி ரெம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு. இரண்டும் மதர்போர்ட் என்ற முதன்மைப் பலகையோடு சேர்த்தே ஒட்டப்பட்டவை. கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. பாதி இடத்தை விண்டோஸே பிடித்திருந்தது. பிள்ளை கேட்டதோ படம் வரையும் சொப்ட்வெயார்.

வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பாவிக்க, நான் டெஸ்க்டொப்பைத்தான் சொல்வேன். எங்கள் மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடிக் கடற்கரையோர வீடுகளிலிருந்து வரும் லெப்டொப்களைக் கழற்றினால், சார்ஜ் குத்தும் இடத்தைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். பல வேளை மதர்போர்ட்டே போய்விடும். டெஸ்க்டொப்பும் உப்புக்காற்றுக்குத் தப்பாதுதான். ஆனால் ரெம்மைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பக் குத்தினால், உயிர் வந்துவிடுவது எத்தனையோ. பழுதானதை மட்டும் மாற்றலாம். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து நிறுத்த யுபிஎஸ் என்ற பட்டரிப் பெட்டி ஒன்று போதும்.

வந்தாறுமூலை கம்பஸுக்குத் தினமும் கொண்டு போகிறவருக்கு லெப்டொப் வேண்டும். பாடம் பார்க்க, வாசிக்க ரெப் (டேப்லெட்) போதும். ஒப்படை டைப் பண்ண அது சரிவராது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் குரோம்புக்கில் (கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் லெப்டொப்) விண்டோஸ் சொப்ட்வெயார்களை ஏற்ற முடியாது. கல்யாண வீடியோ எடிட் பண்ணுபவருக்குத் தனி கிராபிக்ஸ் கார்ட் உள்ள மெஷின்தான் நல்லது.

பாவித்த லெப்டொப் வாங்குபவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். இன்டெல் புரொசசரைக் காட்டும் "ஐ7" ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். ஐ7-4600யு என்றிருந்தால் அது நாலாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஐ5-8250யு மாதிரி. விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. அந்தப் பழைய ஐ7ஐ விட இந்த ஐ5 எவ்வளவோ மேல்.

அந்தப் பிள்ளை இப்போது பாவித்த டெஸ்க்டொப் ஒன்றில் வரைகிறாள். லெப்டொப்பில் தம்பிக்காரன் ஸூம் வகுப்புப் பார்க்கிறான். காப்பு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.